ஏழு சதுரம் வீட்டுக்கு எத்தனை லிட்டர் பெயிண்ட்?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பெயிண்ட் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் படியேறும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். "ஏழு சதுரம் வீடு, அக்கா. எத்தனை லிட்டர் ஆகும்?"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நூறு சதுர அடி சேர்ந்தால் ஒரு சதுரம். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் வீடு கட்டுகிற பேச்சு பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் நடக்கும். கொத்தனாரிடம் கூலி பேச, பேங்க் லோனுக்கு உத்தேசம் போட இது போதும். பெயிண்ட் வாங்கத்தான் போதாது. தரைக்கு யாரும் எமல்ஷன் அடிப்பதில்லையே! ஏழு சதுரம் என்பது வீடு நிற்கிற இடத்தின் அளவு. பெயிண்ட் ஏறுவது சுவரிலும் சீலிங்கிலும். தரை அளவைச் சொல்லி லிட்டர் கேட்டால் நானும் உத்தேசமாக ஒன்றைச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

அப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்த காலத்தில், "உள்பக்கத்துக்குச் சதுரத்துக்கு மூணு லிட்டர்" என்று பட்டென்று சொல்லிவிடுவார். அது வாயில் வந்த கணக்கு இல்லை. அன்றைக்கு ஊரில் இருந்த வீடுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி: பத்துக்குப் பத்தில் இரண்டு அறை, ஒரு ஹால், ஒரு அடுப்படி. அந்த மாதிரி வீட்டுக்கு இன்றைக்கும் அப்பா கணக்கு பெரிதாகத் தப்பாது. மாறிப்போனது வீடுகள்தான்.

ஏன் தப்பும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பத்துக்குப் பத்து அறை ஒன்று. தரை 100 சதுர அடி. சுற்றளவு 40 அடி, உயரம் 10 அடி, ஆக சுவர் 400 சதுர அடி. இப்போது இருபதுக்கு இருபது ஹால் ஒன்று. தரை 400. சுற்றளவு 80 அடி, சுவர் 800 சதுர அடி. தரை நாலு மடங்கு ஆனது, சுவர் இரண்டு மடங்குதான் ஆனது. அதே 400 சதுர அடித் தரையை நாலு அறைகளாகத் தடுத்தால் சுவர் 1,600 சதுர அடி. தரையில் ஒரு அங்குலம்கூடக் கூடவில்லை, பெயிண்ட் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. குறுக்குச் சுவர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் இருக்கிறதல்லவா? ஆகவே தடுப்பு நிறைய உள்ள சின்ன வீட்டுக்காரருக்குச் சதுரத்துக்கு அதிக லிட்டர் பிடிக்கும். பெரிய ஹாலாகக் கட்டியவருக்குக் குறைவாகப் பிடிக்கும்.

போன வாரம் ஒரு சார் வந்தார். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் பெயிண்டர் எழுதிக் கொடுத்த சீட்டு: கலர் 20 லிட்டர், வெள்ளை 10 லிட்டர்.

"இவ்வளவு ஆகுமாம்மா? ஏழு சதுரம்தான் வீடு. உள்பக்கம் மட்டும்தான் அடிக்கப்போறோம்."

"ரூம் அளவு இருக்கா சார்?"

இருந்தது. சின்ன நோட்டில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஜன்னல் எங்கே, பரண் எங்கே என்று படமே போட்டிருந்தார். எனக்கு இப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் வந்தால் டீ சொல்லாமல் இருக்க முடியாது. அவர் சம்மதத்தோடு அந்தக் கணக்கை இங்கே போடுகிறேன். ஏழு சதுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வீட்டுக்காரர்கள் இதை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம்.

ஹால் 16-க்கு 12. ஒரு பெட்ரூம் 12-க்கு 10, இன்னொன்று 10-க்கு 10. அடுப்படி 10-க்கு 8. பாத்ரூம் 7-க்கு 4. உயரம் எல்லா இடத்திலும் 10 அடி. உள்தரையை மட்டும் கூட்டினால் 520 சதுர அடிதான் வருகிறது. மிச்சம் சுவர்க் கனத்திலும் முன்னால் இருக்கிற சிட் அவுட்டிலும் போயிற்று.

ஒவ்வொரு அறைக்கும் சுற்றளவை உயரத்தால் பெருக்கினால் சுவர் கிடைக்கும். ஹால் 560, பெட்ரூம்கள் 440-ம் 400-ம், அடுப்படி 360. பாத்ரூமில் ஏழு அடி வரை டைல்ஸ், அதனால் மேலே உள்ள மூன்றடிக்கு மட்டும் 66. அடுப்படியிலும் மேடை ஓடுகிற 18 அடி நீளத்துக்கு, தரையிலிருந்து ஐந்தடி வரை மேடையும் டைல்ஸும்தான். அங்கே 90 கழிந்தது. எல்லாம் சேர்த்து 1,736 சதுர அடி.

அடுத்தது கதவும் ஜன்னலும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று: ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவில் இருக்கிற கதவு இரண்டு சுவரில் இடத்தை அடைக்கிறது. ஹால் பக்கச் சுவரிலும் 21 சதுர அடி கழியும், பெட்ரூம் பக்கமும் 21 கழியும். வாசல் கதவும் ஜன்னல்களும் உள்பக்கக் கணக்கில் ஒருமுறைதான் கழியும். அப்படி ஒவ்வொன்றாகப் பார்த்ததில் 249 கழிந்தது. ஆனால் ஜன்னலைக் கழித்துவிட்டு நிறுத்தக் கூடாது. ஒன்பது அங்குலச் சுவரில் ஜன்னல் வைத்தால் உள்பக்கம் அரையடி ஆழத்துக்கு ஓரம் நிற்கும், அதற்கும் பெயிண்ட் வேண்டும். ஐந்து ஜன்னலின் சுற்றளவு 80 அடி, ஆழம் அரையடி, ஆக 40 சதுர அடி திரும்பக் கூடும்.

இதுவரை வந்த எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த இடம் அலமாரி. கதவு போடாமல், சுவரிலேயே குழிவாக விட்டு கடப்பாக்கல்லோ சிமெண்ட் பலகையோ பதிக்கிற அலமாரி நம் பக்கத்து வீடுகளில் அனேகமாக எல்லா அறையிலும் உண்டு. இந்த வீட்டில் பெட்ரூமுக்கு ஒன்று, சிமெண்ட் பலகை வைத்தது. அகலம் 4 அடி, உயரம் 7 அடி, ஆழம் ஒன்றரை அடி, நடுவில் ஐந்து பலகை. டேப்பை அதன் முன்னால் பிடித்தால் 28 சதுர அடி, அவ்வளவுதான். கையை உள்ளே விட்டு அளந்தால் கதையே வேறு. பின்சுவர் அதே 28. இரண்டு பக்கச் சுவர்கள் 21. ஒவ்வொரு பலகைக்கும் மேல்புறம் 6, அடிப்புறம் 6. ஐந்து பலகைக்கு 60. மேல் தளமும் கீழ்த் தளமும் 12. மொத்தம் 121. முன்னால் நின்று பார்த்ததற்கும் உள்ளே இருப்பதற்கும் நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம். இரண்டு அலமாரி சேர்ந்தால் ஒரு பெட்ரூமின் பாதிச் சுவர்! பெயிண்டர்கள் அலமாரியைப் பார்த்ததும் முகம் சுளிப்பது இதனால்தான். ரோலர் உள்ளே நுழையாது, பிரஷைப் பிடித்துக்கொண்டு கழுத்தைச் சாய்த்து உட்கார வேண்டும், கூலி பேசும்போது வீட்டுக்காரர் அதை வெறும் 28 அடியாகத்தான் பார்ப்பார்.

பரணும் இப்படித்தான். பத்தடி நீளம், இரண்டடி அகலம். அடிப்புறம் 20, மேல்புறம் 20. "மேல யார் பார்க்கப்போறா?" என்று அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சார் வீட்டில் அம்மா விடச் சொல்லவில்லை. மூன்று பரணுக்கு 120.

இனி நிறம் பிரிக்க வேண்டும். சீலிங், பரண், அலமாரி உள்பக்கம் மூன்றுக்கும் வெள்ளை: 520, 120, 242, ஆக 882 சதுர அடி. அலமாரி வாய் இரண்டும் கலர்ச் சுவரில் இருந்து 56 கழியும். ஆகவே 1,736-ல் 249-ம் 56-ம் போக, ஜன்னல் ஓரம் 40 கூட, கலருக்கு 1,471 சதுர அடி. இரண்டும் சேர்ந்தால் 2,353. தரை 520-ஐப் போல நாலரை மடங்கு.

இதை லிட்டரால் வகுப்பதற்கு முன்னால் டின் மேல் போட்டிருக்கிற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. உள்சுவர் எமல்ஷன்கள் இரண்டு கோட்டுக்கு, அதாவது இரண்டு தடவை அடிக்க, லிட்டருக்கு 110-லிருந்து 140 சதுர அடி வரை, ரகத்தைப் பொறுத்து, பரவும். வழவழப்பான, பிரைமர் அடித்த சுவரில் கிடைக்கிற அளவு அது. நம் வீட்டுச் சுவர் அப்படி இருக்கிறதா என்பது நம் பாடு. நான் 120 வைத்துக்கொள்வேன்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் பெயிண்டின் சங்கதியே விளங்கிவிடும். ஒரு லிட்டர் என்பது 1,000 கன சென்டிமீட்டர். அதை 10 சதுர மீட்டரில், அதாவது ஏறக்குறைய 108 சதுர அடியில், ஒரே சீராகப் பரப்பினால் கனம் சரியாக 0.1 மில்லிமீட்டர் வரும். நாம் அடிப்பது அதைவிட மெல்லிசு. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி என்றால் ஒரு கோட்டுக்கு 240. கணக்குப் பார்த்தால் 0.045 மில்லிமீட்டர். தலைமுடியைவிட மெல்லிய படலம், அதுவும் ஈரத்தில் இருக்கும்போது. காய்ந்தால் இன்னும் வற்றிவிடும். இவ்வளவு மெல்லிய ஒன்றைத்தான் நாம் ஐந்தாறு வருஷம் சுவரைக் காக்கச் சொல்லி நிறுத்துகிறோம். பரப்பு கூடினால் லிட்டர் கூடியே ஆக வேண்டும். லிட்டரைக் கூட்டாமல் பரப்பை மட்டும் இழுத்தால் படலம் மெலிந்து பழைய நிறம் எட்டிப் பார்க்கும்.

"கொஞ்சம் தண்ணி கூட ஊத்துனா இன்னொரு ரூமுக்கு வருமே" என்பவர்களுக்கும் இதுதான் பதில். தண்ணீர் ஊற்றாமல் எமல்ஷன் அடிக்க முடியாது, டின்னிலேயே எவ்வளவு என்று போட்டிருக்கும். அதற்கு மேல் ஊற்றுகிற தண்ணீர் காற்றோடு போய்விடும். சுவரில் நிற்பது டின்னுக்குள் இருந்ததுதான்.

சரி, சார் கணக்கு. கலர் 1,471-ஐ 120-ஆல் வகுத்தால் 12¼ லிட்டர். வெள்ளை 882-க்கு ஏழரைக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் இருபது லிட்டர்கூட இல்லை. அப்பாவின் "சதுரத்துக்கு மூணு" 21 என்று சொல்லியிருக்கும், கிட்டத்தட்டச் சரி. ஆனால் அதே 520 சதுர அடியை ஒரே ஹாலாக, 26-க்கு 20 என்று ஒரு டியூஷன் சென்டருக்காகக் கட்டியிருந்தால் சுவர் 920, சீலிங் 520, மொத்தம் 1,440. பன்னிரண்டு லிட்டரில் வேலை முடிந்திருக்கும். அப்பா கணக்கு அங்கே ஒன்பது லிட்டரை வீணாக வாங்க வைத்திருக்கும்.

பெயிண்டர் எழுதியது 30 லிட்டர். சார் கொஞ்சம் கொதித்துப்போனார். ஆனால் நான் பெயிண்டரை அப்படி எடுத்த எடுப்பில் கள்ளன் ஆக்க மாட்டேன். டின்னுக்குள் பெயிண்டருக்கென்று கம்பெனிகள் டோக்கன் போடுகிற வழக்கம் உண்டு. இப்போது அது போனில் ஸ்கேன் செய்கிற பாயிண்டாகவும் வருகிறது. அதனால் டின் கூடினால் அவருக்கு நாலு காசு என்பது உண்மைதான். இன்னொரு பக்கமும் உண்மை: பெயிண்ட் பாதிச் சுவரில் தீர்ந்தால் அன்றைக்கு ஆளுக்குக் கூலி போச்சு, வீட்டுக்காரரிடம் பேச்சு அவருக்குத்தான். மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட ஒரு டின் மிச்சமாவது அவருக்கு மேல். அப்புறம், பழைய நிறம் அடர் நிறமாக இருந்து இப்போது வெளிர் நிறம் என்றால் மூன்றாவது கோட் கேட்கும். எங்களிடம் சின்ன வயதிலிருந்து என்னைப் பார்க்கிற ஒரு அண்ணாச்சி வருவார், நாற்பது வருஷம் பிரஷ் பிடித்த கை. அவர் சொல்வார்: "பாப்பா, நீ சுவரை டேப்பால பார்க்க. நான் தடவிப் பார்த்துத்தான் சொல்லுவேன்." அதில் நியாயம் இருக்கிறது. டேப்புக்கு இரண்டு சுவரும் ஒன்றுதான், கைக்கு அப்படி இல்லை.

கைக்குத் தெரிகிற அந்தச் சொரசொரப்பு வெளிச்சுவருக்கு வந்தால் பெரிய தொகையாகிவிடும். இதே வீட்டுக்கு வெளிப்பக்கமும் போட்டுப் பார்த்தோம். 26-க்கு 27 வீடு, சுற்றளவு 106 அடி. அடித்தளம் இரண்டடி, சுவரும் தளமும் பத்தரை, மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் மூன்றடி. ஆக உயரம் 15½. கைப்பிடிச்சுவருக்கு உள்பக்கமும் உண்டு, தலையும் உண்டு. சன்ஷேடுக்கு மேல், கீழ், விளிம்பு. கதவு ஜன்னலைக் கழித்து எல்லாம் சேர்த்து 1,976 சதுர அடி வந்தது. உள்பக்கத்தைவிடக் குறைவுதான். ஆனால் லிட்டர்? வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50, 60 சதுர அடி என்பதே வழக்கம். 55 வைத்தால் 36 லிட்டர். உள்ளே இருபது, வெளியே முப்பத்தாறு! வெளிப்பூச்சின் மணல் மேடு பள்ளம் ஒவ்வொன்றும் தனிப் பரப்பு, டேப் அதன் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு போகும். வெயிலும் மழையும் தாங்கப் படலமும் கனமாக நிற்க வேண்டும். சார் "அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக்கலாம்" என்று நோட்டை மூடிவிட்டார்.

பட்டி பார்ப்பதை இந்தக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. புதுச் சுவருக்கு இரண்டு கோட் பட்டிக்குக் கிலோவுக்கு 15-லிருந்து 20 சதுர அடி என்று சொல்லலாம்தான். ஆனால் பட்டி பள்ளத்தை நிரப்புகிற சரக்கு. அது பரப்பைவிட ஆழத்தைத்தான் தின்னும். கொத்தனார் ரசமட்டம் பிடிக்காமல் பூசிய சுவர் எத்தனை மூட்டை கேட்கும் என்று யாரும் டேப்பை வைத்துச் சொல்ல முடியாது.

கூலிக் கணக்கும் பெயிண்ட் கணக்கும் ஒன்றில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், மார்கழிச் சண்டைகளில் பாதி இதனால்தான். பெயிண்டர் கூலிக்கு அளக்கும்போது ஜன்னலைக் கழிப்பதில்லை. வீட்டுக்காரர் "ஓட்டைக்கு எதுக்குக் காசு?" என்பார். ஜன்னல் ஓரத்தில் கம்பியில் படாமல் கோடு பிடித்து அடிக்கிற நேரத்தில் வெற்றுச் சுவரில் இரண்டு மடங்கு ரோலர் ஓட்டிவிடலாம் என்பது பெயிண்டர் தரப்பு. இதற்கு அரசாங்கமே ஒரு நடுவழி வைத்திருக்கிறது. ஐ.எஸ். 1200 என்ற கட்டட வேலை அளவீட்டு முறைப்படி அரை சதுர மீட்டருக்குள் இருக்கிற திறப்பைக் கழிக்கவே வேண்டாம். அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை ஒரு முகத்தில் மட்டும் கழித்துவிட்டு, ஓரங்களைத் தனியாகக் கூட்டாமல் விட்டுவிட வேண்டும். மூன்றைத் தாண்டினால்தான் இரண்டு முகத்திலும் கழித்து, ஓரத்தையும் கூட்டுவது. வீட்டுக் கதவு ஜன்னல் பெரும்பாலும் அந்த நடு ரகத்தில்தான் விழும். கூலி பேச அருமையான விதி. லிட்டர் பார்க்க நான் மேலே போட்ட மாதிரி முழுசாகக் கழித்து முழுசாகக் கூட்டுவதே நல்லது.

அதே முறையில் கதவுக்கும் கிரில்லுக்கும் ஒரு பெருக்கல் எண் உண்டு. பேனல் கதவு என்றால் ஒரு பக்கத்துக்கு நீள அகலத்தை 1.3-ஆல் பெருக்க வேண்டும், வழவழப்பான ஃப்ளஷ் கதவுக்கு 1.2. கதவின் விளிம்பு, நிலை, பேனலின் குழிவு எல்லாம் அதில் அடங்கிவிடும். கிரில்லுக்குத்தான் வேடிக்கை. நீள அகலத்தை ஒன்றால் பெருக்கினால் போதும், இரண்டு பக்கமும் சேர்த்தே. கடைக்கு வருகிறவர்கள் கிரில்லுக்கு இரண்டு பக்கம் இருக்கிறதே என்று இரண்டால் பெருக்கிக்கொண்டு வருவார்கள்.

சார் வீட்டு ஹால் ஜன்னலை வைத்தே பார்க்கலாம். ஐந்துக்கு நாலு, முகப்பு 20 சதுர அடி. 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி, நெடுக்கில் 14, குறுக்கில் 4. நெடுக்குக் கம்பி நாலடி வீதம் 56 அடி, குறுக்கு ஐந்தடி வீதம் 20 அடி, மொத்தம் 76 அடி. கம்பியின் நாலு முகத்தையும் விரித்தால் 48 மில்லிமீட்டர் அகலம். ஆக நாலு பக்கமும் சேர்ந்தே 12 சதுர அடிதான். கிரில்லில் பெரும்பகுதி காற்று! பூ, சுருள் என்று டிசைன் சேர்ந்தால் 20-ஐ நெருங்கும், பிரஷிலிருந்து தரையில் சொட்டுவதும் அதில் சரியாகிவிடும். அதனால் ஒன்றால் பெருக்குவது உள்ளபடியே நியாயமான அளவு.

இனி டின். 1, 4, 10, 20 என்றுதான் வரும். சார் கலருக்கு 12¼ என்றால் பத்தில் ஒன்றும் ஒன்றில் மூன்றும் எடுக்கலாம், அல்லது பத்தும் நாலும். சின்ன டின் வாங்க வாங்க லிட்டர் விலை ஏறும், அதனால் இரண்டு வழியையும் காசாகப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வெள்ளைக்கு நாலில் இரண்டு. இன்னொன்று, மெஷினில் கலர் கலக்குகிற பெயிண்டுக்கான பேஸ் டின்னில் சரக்கு முழு அளவுக்கு இருக்காது, கலர் ஊற்ற இடம் விட்டுத்தான் வரும். அடர் நிறத்துக்கு அதிகம் ஊற்றும், வெளிர் நிறத்துக்குச் சில சொட்டுதான். டின் மேல் சின்ன எழுத்தில் போட்டிருக்கிற நிகர அளவைப் பார்த்து வாங்குங்கள்.

நிறத்தைப் பொறுத்தும் லிட்டர் மாறும், இதை நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அடியில் இருப்பதை மறைக்கிற வேலையைப் பெரும்பாலும் செய்வது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள். வெளிர் நிறங்களில் அது தாராளமாக இருக்கும். பளிச்சென்ற மஞ்சள், சிவப்புக்கு அது அதிகம் இல்லாத பேஸைத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறம் வெளுத்துப்போகும். அதனால் அந்த நிறங்கள் மெதுவாகத்தான் மறைக்கும், மூன்று கோட்டுக்குக் கணக்குப் போடுங்கள். டிவி பின்னால் ஒரு சுவர் மட்டும் சிவப்பு என்று கேட்கிறவர்களுக்கு அந்த ஒரு சுவருக்குத் தனியாக ஒரு லிட்டர் கூட எழுதிவிடுவேன்.

கலந்த கலரை நாங்கள் திருப்பி எடுக்க முடியாது. உடைக்காத வெள்ளையை எடுத்துக்கொள்வோம். ஆகவே சந்தேகம் வந்தால் வெள்ளையில் தாராளமாகவும் கலரில் கணக்காகவும் இருங்கள். கலர் குறைந்து மறுபடி வந்து கலக்கினால் அதே எண்ணைப் போட்டாலும் இம்மியளவு வித்தியாசம் தெரியலாம். அதனால் எல்லா டின்னையும் ஒரு பெரிய பக்கெட்டில் ஒன்றாகக் கலந்துகொண்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். குறைகிற மாதிரி இருந்தால் சுவரின் நடுவில் நிறுத்தாமல் மூலையில் நிறுத்தச் சொல்லுங்கள். மூலையில் வெளிச்சம் வேறு மாதிரி விழுவதால் வித்தியாசம் கண்ணுக்குப் படாது.

இவ்வளவுக்கும் மேல் நம்பிக்கை வரவில்லையா? நூறு சதுர அடிச் சுவர் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் மட்டும் வாங்கி, உங்கள் பெயிண்டரையே, அவர் பிரஷிலேயே இரண்டு கோட் அடிக்கச் சொல்லுங்கள். டின்னில் மிச்சம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். உங்கள் சுவர், அவர் கை, அந்தப் பெயிண்ட் மூன்றும் சேர்ந்து எவ்வளவு பரவும் என்பது தெரிந்துவிடும். டின் மேல் இருக்கிற எண்ணை மறந்துவிட்டு அதை வைத்து மிச்ச வீட்டை வகுங்கள்.

சார் கடைசியில் கலர் பத்தில் ஒன்று, நாலில் ஒன்று எடுத்தார், வெள்ளை நாலில் இரண்டு. கலரில் மிஞ்சுகிற ஒன்றேமுக்கால் லிட்டர், சோபா உரசுகிற இடத்தையும் பேரன் கிறுக்குகிற இடத்தையும் அவ்வப்போது தொட்டுக்கொள்ள இருக்கட்டும் என்றார். மூடியை இறுக்கி, வெயில் படாமல் வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

நீங்களும் வரும்போது சார் மாதிரி அறை அறையாக நீளம், அகலம், உயரம், கதவு, ஜன்னல், பரண், அலமாரியின் ஆழம், டைல்ஸ் எவ்வளவு உயரம் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். டேப் இல்லாவிட்டால் கடையில் இரவல் தருகிறோம். தை பிறப்பதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், போன வருஷம் போனதே இன்னும் வரவில்லை.